திருமலைக் கல்லில் ஒரு வடகரைப் பயணம்

எங்கள் குழுவின் மாதக் கூட்டங்களில் கல்வெட்டுப் படிகளும் பழைய நூல்களும் கைமாறுவது வழக்கம். சென்ற ஆண்டு ஆடி மாதக் கூட்டத்திலோ வழக்கத்துக்கு மாறாக ஒரு வண்ணச் சிற்றேடு கைமாறியது. அலாஸ்காக் கரையோரமாகச் செல்லும் சொகுசுக் கப்பல் ஒன்றின் விளம்பரம் அது. பனிப்பாறைகள், திமிங்கிலங்கள், மீன் பிடிக்கும் கரடிகள் எனப் பக்கத்துக்குப் பக்கம் குளிர்ச்சி. கடைசிப் பக்கத்தில் இருந்த கட்டணத்தைக் கண்டதும் சூடு ஏறியது. எங்களுள் எவராலும் அதைக் கொடுக்க இயலாது.

சிற்றேட்டை மடித்து வைத்த மூத்த நண்பர் ஒருவர், "வடகரைக்குக் கப்பல் விட்டவன் நம் இராஜேந்திரன் இருக்கும்போது நமக்கு அலாஸ்கா எதற்கு? அவன் படை போன கடல்வழியே நாமும் வங்கம் வரை போய்வருவோம். தை மாதத்தில் அங்கும் குளிர்தான், அங்கும் விலங்குகள் உண்டு" என்றார். அனைவருக்கும் பிடித்துப்போயிற்று. சோழர்படை சென்ற வழி, குளிர்காலம், கரையோரக் காடுகள் மூன்றும் ஒரே பயணத்தில்! அன்றே திட்டம் தீட்டத் தொடங்கினோம்.

வழியை யாரிடம் கேட்பது? அதற்குரிய சான்று எங்கள் அருகிலேயே இருந்தது. ஆரணிக்கும் போளூருக்கும் இடையில், வடமாதிமங்கலத்தை ஒட்டி அமைந்த திருமலை. இராஜேந்திரரின் வடதிசைப் படையெடுப்பை விரிவாகக் கூறும் புகழ்பெற்ற கல்வெட்டு அங்குதான் உள்ளது. வழி கேட்கச் சென்ற எங்களுக்கு அந்தக் கல் சொன்ன விடை, நாங்கள் எதிர்பார்த்ததாக இல்லை. அந்த அனுபவத்தையே இக்கட்டுரையில் வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

மலையும் மாமுனிவரும்

ஆரணியின் பட்டுத் தறியோசையைப் பின்னால் விட்டுச் சிறிது தொலைவு சென்றால் நெல்வயல்களுக்கு நடுவே திருமலை தென்படும். பார்வைக்கு எளிய பாறைக்குன்றுதான். அதன் வரலாறு அத்துணை எளிதன்று. மலையடிவாரத்தில் கோயில்கள், இயற்கையான பாறைச் சரிவின் கீழ்க் கட்டப்பட்ட அறைகள், அவற்றில் ஓவியங்கள், மேலே ஏறத்தாழ 16 அடி உயரத்தில் நிற்கும் நேமிநாதர். 22ஆம் தீர்த்தங்கரரான அவரை இவ்வூர் மக்கள் சிகாமணிநாதர் என்று அழைக்கிறார்கள். 1998இல் நிறுவப்பட்ட அரஹந்தகிரி மடமும் இங்கே உள்ளது. ஆயிரமாண்டுப் பழைமையுடைய வழிபாடு இன்றும் அறுபடாமல் தொடரும் மிகச்சில சமணத் தலங்களுள் இதுவும் ஒன்று.

இங்குள்ள கல்வெட்டுகளுள் நம் மனத்தைக் கவர்வன சில. முதலாம் இராஜராஜரின் 21ஆம் ஆட்சியாண்டில் குணவீர மாமுனிவர் என்பார் தம் ஆசிரியரான கணிசேகர மருபொற்சூரியன் பெயரால் கலிங்கு ஒன்றைக் கட்டிய செய்தியை ஒன்று கூறுகிறது. துறவி ஒருவர் ஊராரின் வயலுக்கு நீர் பாய வழிசெய்து, அதற்குத் தம் குருவின் பெயரைச் சூட்டியிருக்கிறார்! மற்றொன்று, சேர மரபினனான எழினி முன்பு நிறுவிய இயக்கன், இயக்கி உருவங்களை அம்மரபில் வந்த அதிகமான் விடுகாதழகிய பெருமாள் புதுப்பித்ததைச் சொல்கிறது. குளமும் மடையும் அமைத்த துறவியர், பழையதைப் பேணிய அரசர் என இம்மலையின் நினைவுகள் எல்லாம் ஆக்கத்தைப் பற்றியனவாகவே இருக்கின்றன.

அவற்றுக்கு நடுவேதான் இராஜேந்திரரின் நீண்ட மெய்க்கீர்த்தி நிற்கிறது. அவருடைய 13ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, அதாவது கி.பி. 1024-25. ஹூல்ஷ் இதைப் படித்து, 1890இல் வெளியான தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் பதிப்பித்தார். அவர் கண்டபோது கோபுரத்துக்கும் ஓவிய அறைகளுக்கும் இடைப்பட்ட படிகளின் அடியில் பாறை புதைந்திருந்தது. கங்கை வரை சென்ற வெற்றியின் பட்டியல்மீது பல தலைமுறைகள் கால்வைத்து ஏறி இறங்கியிருக்கின்றன!

கல் காட்டும் வடதிசை

அச்சிட்ட பாடத்தைக் கையில் வைத்துக்கொண்டு குழுவாக அமர்ந்து படித்தோம். இடைதுறைநாடு, வனவாசி, கொள்ளிப்பாக்கை, மண்ணைக்கடக்கம் எனத் தொடங்கும் பட்டியல் ஈழத்தையும் சேரநாட்டையும் முயங்கிப் போரையும் கடந்து வடக்கே திரும்புகிறது. சக்கரக்கோட்டம் வருகிறது. சந்திர குலத்து இந்திரரதன் ஆதிநகரில் தோற்கிறான். பிறகு ஒட்டவிஷயம், கோசலைநாடு, தன்மபாலனின் தண்டபுத்தி, இரணசூரனின் தக்கணலாடம், யானையிலிருந்து இறங்கி ஓடிய கோவிந்தசந்தனின் வங்காளதேசம், மகிபாலன், உத்திரலாடம், இறுதியாகக் கங்கை.

ஒவ்வொரு நாட்டுக்கும் ஓர் அடைமொழி உண்டு. ஒட்டவிஷயம் நெருங்கிய காவற்காடுகளால் அணுகுதற்கரியது. தண்டபுத்தியின் சோலைகளில் வண்டுகள் அமர்ந்திருக்கின்றன. வங்காளத்தில் சாரல் ஓய்வதே இல்லை. கங்கைத் துறைகளில் மணமலர்கள் மிதக்கின்றன. மகிபாலனிடமிருந்து கவர்ந்த செல்வங்களுள் வலிமை மிக்க யானைகளும் அடக்கம். காடு, வண்டு, மழை, மலர், யானை! எங்கள் அலாஸ்காச் சிற்றேட்டுக்குச் சற்றும் குறையாத விளம்பரம் என்று மகிழ்ந்தோம்.

மகிழ்ச்சி நெடுநேரம் நீடிக்கவில்லை. யாப்பில் வல்ல நண்பர் ஒருவர் மெல்லக் கேட்டார்: "உத்திரலாடத்துக்கு முத்துக் கடலை அடையாகக் கொடுத்திருக்கிறார்களே, அந்த நாட்டில் கடல் எங்கே இருக்கிறது?" உத்தரராடம் என்பது இன்றைய முர்ஷிதாபாத், பீர்பூம் பகுதி. உள்நாடு. பிறகுதான் உண்மை புலப்பட்டது. 'உத்திர' என்பதற்கு எதுகையாக 'நித்திலம்' வந்திருக்கிறது. தண்டபுத்திக்கு வண்டும், ஒட்டத்துக்குக் கிட்டுதற்கு அருமையும் அவ்வாறே அமைந்தவை. மெய்க்கீர்த்தி எழுதிய புலவர் அந்த நாடுகளைக் கண்டவராக இருக்கவேண்டிய தேவையில்லை. அவருக்கு நாடுகளின் பெயர்கள் கிடைத்திருக்கின்றன. பெயர்களே எதுகையைக் கேட்டுப் பெற்றுக்கொண்டன.

அதற்காக எல்லாவற்றையும் வெறும் ஓசையென்று தள்ளிவிடவும் முடியாது. வங்காளத்தின் மழையும் ஒட்டத்தின் காடும் உண்மைக்கு ஒத்தே இருக்கின்றன. எதுகை கேட்டது, நாட்டின் இயல்பும் இசைந்தது. எனினும் மெய்க்கீர்த்தி அடைமொழியை நிலநூல் குறிப்பாக எடுத்துக்கொள்ளும்முன் ஒவ்வொன்றையும் வேறு சான்றுகளோடு ஒப்பிட்டே ஆகவேண்டும். கல்வெட்டில் இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் எதையும் ஒப்புக்கொள்ளும் பழக்கம் எங்களிடமும் இருந்தது. அதைத் திருமலை திருத்தியது.

கப்பல் எங்கே?

அடுத்த திருத்தம் இன்னும் பெரியது. பட்டியலை இரண்டு முறை படித்தோம். வடதிசைப் பகுதியில் ஒரு கப்பல்கூட இல்லை.

அலைகடலின் நடுவே பல கலங்களைச் செலுத்திய செய்தி இராஜேந்திரரின் மெய்க்கீர்த்தியில் இருப்பது உண்மைதான். ஆனால் அது கடாரப் படையெடுப்பைப் பற்றியது. 14ஆம் ஆட்சியாண்டிலிருந்து வரும் கல்வெட்டுகளில்தான் அப்பகுதி சேர்கிறது. 13ஆம் ஆண்டுத் திருமலைக் கல் கங்கையோடு நின்றுவிடுகிறது. கங்கையும் கடாரமும் கொண்டவர் என்று ஒரே மூச்சில் சொல்லிப் பழகிய நாம், இரண்டையும் ஒரே கப்பலில் ஏற்றிவிடுகிறோம். கங்கைக்குச் சென்றது நிலப்படை. கடாரத்துக்குச் சென்றது கடற்படை. இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் வெட்டப்பட்டது என்பதால்தான் திருமலைக் கல் காலக் கணிப்பில் அத்துணை இன்றியமையாததாகிறது. அது சொல்வது எவ்வளவு முக்கியமோ, சொல்லாமல் விட்டதும் அவ்வளவு முக்கியம்.

நிலவழியிலும்கூட அப்படை கரையோரமாக மட்டும் செல்லவில்லை. சக்கரக்கோட்டம் இன்றைய பஸ்தர் பகுதியில் இருந்தது. அது கடலிலிருந்து வெகுதொலைவு. திருவாலங்காட்டுச் செப்பேடுகள் தரும் செய்திகளும் நிலப்பயணத்துக்கே உரியவை. ஆறுகளின் குறுக்கே யானைகளை நிறுத்திப் பாலமாக்கிப் படை கடந்ததையும், படைத்தலைவன் கொண்டுவந்த கங்கைநீரோடு கோதாவரிக் கரையில் அரசர் எதிர்கொண்டதையும் அவை கூறுகின்றன. அந்த நீரின் நினைவாகவே கங்கைகொண்ட சோழபுரத்தில் சோழகங்கம் என்ற பேரேரி தோன்றியது. வெற்றிச் சின்னமாகக் கற்றூண் நாட்டுவோர் உண்டு. ஏரி வெட்டியவர் அரியர்.

செப்பேட்டிலும் கல்லிலும் வெற்றிகளின் வரிசை ஒன்றுபோல் இல்லை என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். அவ்வகையிலும் திருமலைக் கல் பயண நாட்குறிப்பு அன்று. பட்டியலின் வரிசையைப் பாதையின் வரிசையாகக் கொண்டு பயணச்சீட்டு வாங்கினால் வழிதவறிப் போவோம்.

மூத்த நண்பரின் முகம் வாடிவிட்டது. "அப்படியானால் வடகரைக்கு யாருமே கப்பலில் போகவில்லையா?" என்றார்.

வாடையும் வணிகரும்

போனார்கள். அரசர்களுக்கு முன்பும் பின்பும் வணிகரும் துறவியரும் போனார்கள். 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனத் துறவி பாஹியான் கங்கை முகத்தின் தாமிரலிப்தியில் இரண்டாண்டுகள் தங்கி நூல்களைப் படியெடுத்தார். பிறகு குளிர்காலக் காற்று வீசத் தொடங்கியதும் வணிகர்களின் பெருங்கலம் ஒன்றில் ஏறி, பதினான்கு நாள் இரவு பகலாகச் சென்று சிங்களத்தை அடைந்தார். நம் கரையோரம் முழுவதையும் ஒட்டிய கடலை இருவாரத்தில் கடந்த பயணம் அது!

இந்தச் சிறு செய்திக்குள் பழங்காலப் பயணத் திட்டமே அடங்கியிருக்கிறது. வாடைக்காற்று கலங்களைத் தெற்கே கொண்டுவரும். வடக்கே செல்ல வேண்டுமெனில் தென்மேற்குப் பருவக்காற்றுக்குக் காத்திருக்க வேண்டும். வைகாசி, ஆனியில் புறப்பட்டு, வங்கத்தின் மழையில் சரக்கை விற்று வாங்கி, மார்கழி, தையில் திரும்பலாம். குளிர்ந்த வடகரையைத் தை மாதத்தில் கண்டுவரக் கப்பலேறும் எங்கள் எண்ணம் பாய்மரக் காலத்தில் காற்றுக்கு எதிரான திட்டம். அன்றைய மாலுமி கேட்டிருந்தால் சிரித்திருப்பான்.

நீராவிக் காலத்தில் காற்றின் ஆட்சி முடிந்தது. பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனத்தின் கலங்கள் இக்கரையின் துறைகளைத் தொட்டுக் கல்கத்தாவுக்கும் இரங்கூனுக்கும் சென்றன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரையோர இருப்புப்பாதை சென்னையையும் கல்கத்தாவையும் இணைத்தபின் கடல்வழியின் தேவை குறைந்தது. 2022 ஜூனில் சென்னையிலிருந்து சொகுசுக் கப்பல் ஒன்று புறப்பட்டபோது செய்தித்தாள்கள் அதைப் புதுமையாகக் கொண்டாடின. ஆயிரமாண்டுப் பழைய வழி அது என்பதை எவரும் நினைவுகூர்ந்ததாகத் தெரியவில்லை.

ஒரு கப்பலுக்குப் பதில் மூன்று படகுகள்

இத்தனையும் பேசி முடித்தபின், திட்டத்தை மாற்றி எழுதினோம். கோரமண்டல் விரைவு வண்டியில் பிரம்மபூர் வரை செல்வது. அங்கிருந்து நிலவழியும் நீர்வழியும் மாறிமாறி வரும். தை மாதம், பன்னிரண்டு நாட்கள்.

முதலில் மகேந்திரகிரி. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரமுள்ள இக்குளிர்மலையின் கோயில் வளாகத்தில் இராஜேந்திரர் காலத்துக் கல்வெட்டுகள் தமிழிலும் வடமொழியிலும் உள்ளன. குலூத நாட்டு விமலாதித்தனை வென்று வெற்றித்தூண் நாட்டிய செய்தியைக் கூறுவன. புலியும் இரட்டைக் கயலும் அருகருகே பொறிக்கப்பட்டுள்ள இடம். சோழர் வடக்கே சென்றதற்கு அவ்வழியிலேயே நிற்கும் சான்று.

அடுத்தது சிலிகா ஏரி. கோடையில் சுருங்கி மழையில் விரியும் இந்த உவர்நீர்ப் பரப்பு 1981இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. சாத்தபாடாவிலிருந்து படகேறினால் ஐராவதி ஓங்கில்களைக் காணலாம். ஏரியின் கழிமுகத்துக்கு அருகிலுள்ள மாணிக்கபட்டணம் பழைய துறைமுகம். அங்கு நடந்த அகழாய்வில் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்திருக்கின்றன. வடகரையில் மங்களஜோடி என்றொரு சிற்றூர். ஐப்பசி முதல் மாசி வரை வலசை வரும் நீர்ப்பறவைகளை ஒருகாலத்தில் வேட்டையாடி விற்ற அவ்வூரார், இன்று அப்பறவைகளின் காவலர்களாகி, துடுப்புப் படகில் நம்மை அழைத்துச் சென்று காட்டுகிறார்கள்.

மூன்றாவது, பிதர்கனிகா. பிராமணி, வைதரணி ஆறுகளின் கழிமுகத்து அலையாத்திக் காடு. 1975இல் முதலைப் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியபோது நூற்றுக்கும் குறைவாக இருந்த உவர்நீர் முதலைகள் இன்று 1,700க்கு மேல் பெருகியிருக்கின்றன. மெய்க்கீர்த்தி ஒட்டவிஷயத்தைக் காவற்காடு சூழ்ந்தது என்றது நினைவிருக்கிறதல்லவா? அக்கரையில் எஞ்சியிருக்கும் காட்டின் ஒரு துண்டு இது. அதையடுத்த கஹிர்மாதாக் கடற்கரையில் பங்குனி ஆமைகள் இலட்சக்கணக்கில் முட்டையிட வரும். பெரும்பாலும் மாசி, பங்குனியில் நிகழும் அதைக் காண எங்கள் தை மாதப் பயணத்தில் வாய்ப்பில்லை. ஆமைகளுக்காக ஒடிசாக் கடலில் நவம்பர் முதல் மே இறுதி வரை கரையிலிருந்து 20 கிலோமீட்டர் வரை இழுவைமடிகளுக்குத் தடை உண்டு. அந்த ஏழு மாதங்களின் சுமையை மீனவர்கள் தாங்குகிறார்கள் என்பதை, ஆமை கண்டு மகிழச் செல்வோர் மறக்கலாகாது.

பிறகு தண்டபுத்தி எனக் கருதப்படும் தாந்தன் வட்டாரம். அருகிலுள்ள மொகல்மாரியில் 2003-04 முதல் நடந்த அகழாய்வு பெரிய பௌத்த விகாரை ஒன்றை வெளிக்கொணர்ந்தது. அடுத்து தம்லுக், அதாவது தாமிரலிப்தி. பாஹியான் கப்பலேறிய துறை தூர்ந்து இன்று ஆற்றோர ஊராக நிற்கிறது. இறுதியாகச் சுந்தரவனம். 1973இல் புலிகள் காப்பகமாகவும் 1987இல் உலகப் பாரம்பரியச் சின்னமாகவும் ஆன கழிமுகக் காடு. அங்கே படகிலேயே இரவைக் கழிக்கலாம். எங்கள் 'சொகுசுக் கப்பல்' அதுதான்!

விளக்கு வைத்தவர்

திட்டம் முடிந்து எழும் வேளையில், ஆரணித் தறிக் குடும்பத்தைச் சேர்ந்த நண்பர் கல்வெட்டின் கடைசி வரிகளைக் கேட்டார். அரசரின் வெற்றிகளிலேயே மூழ்கிவிட்ட நாங்கள் அப்பகுதியை வாசிக்கவே இல்லை.

இத்தனை நாடுகளும் போர்களும் எதற்காக இந்தக் குன்றில் வெட்டப்பட்டன? பெரும்பாணப்பாடிக் கரைவழி மல்லியூரைச் சேர்ந்த வணிகர் நன்னப்பையனின் மனைவி சாமுண்டப்பை, திருமலையிலுள்ள குந்தவை ஜினாலயத்துக்கு நந்தாவிளக்குக்கும் திருவமுதுக்கும் கொடை அளித்தார். அவ்வளவுதான் செய்தி. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' வழியாக நாம் அறிந்த குந்தவையின் பெயரைத் தாங்கிய சமணக் கோயில் அது. அதில் அணையா விளக்கொன்று எரிய வேண்டும் என்று ஒரு வணிகர் மனைவி விரும்பினார். கொடையைப் பதிவு செய்யும்போது ஆட்சியாண்டைக் குறிக்க வேண்டும். அதற்கு முன்னுரையாக மெய்க்கீர்த்தி வந்தது. அவர் விளக்கேற்றியிராவிட்டால் இம்மலையில் கங்கையும் இல்லை, வங்காளமும் இல்லை.

"அரசன் போனது வடக்கே. இந்த அம்மாள் எங்குமே போகவில்லை. ஆனாலும் நமக்கு வழிகாட்டியது அவர் வைத்த விளக்குதான்" என்றார் நண்பர். திருமண மாதமான தையில் தறியை விட்டு அவரால் வரமுடியாது. எங்களுக்காக வருவதாகச் சொல்லியிருந்தவர், அப்போதுதான் வரவியலாததைச் சொன்னார். நாள் குறிக்கும்போது எங்களுள் ஒருவர்கூட அவருடைய தொழிலின் பருவத்தைக் கேட்கவில்லை. பாய்மரக் காலத்துக் காற்றை ஆராய்ந்த எங்களுக்கு, அருகிலிருந்த நண்பரின் காலம் தெரியவில்லை.

மலையேறி நேமிநாதரின் முன் நின்றோம். அவருடைய சின்னம் சங்கு. கடலின் பொருள். அவர் துறவு பூண்ட கதையைச் சமணர் போற்றிச் சொல்வர். தம் திருமணத்துக்கு ஊர்வலமாக வந்தவர், விருந்துக்காக அடைக்கப்பட்டிருந்த விலங்குகளின் கதறலைக் கேட்டார். அவற்றை விடுவிக்கச் செய்து, மணக்கோலத்தைக் களைந்து, மலையேறிவிட்டார். கீழே பாறையில், பிற நாட்டு யானைகளைக் கவர்ந்து வந்த பெருமை. மேலே, கட்டுண்ட விலங்குகளுக்காகத் தம் திருமணத்தையே விட்டவரின் திருவுரு. ஒரே மலை இரண்டையும் ஆயிரம் ஆண்டுகளாகத் தாங்கிக்கொண்டிருக்கிறது.

எங்கள் பயணத்தை அன்றே ஒரு மாதம் தள்ளி மாசிக்கு மாற்றினோம். தறி நண்பரும் வருவார். குளிர் சற்றுக் குறையும், பறவைகளுள் சில புறப்பட்டிருக்கும். பரவாயில்லை. மாசியில் ஆமைகள் கரையேறக்கூடும். அப்படி ஏறினாலும் முட்டையிடும் மணலுக்குக் கூட்டமாகச் செல்வதில்லை என்றும் முடிவு செய்திருக்கிறோம். சிலிகாவில் ஓங்கில்களைத் துரத்தும் இயந்திரப் படகு வேண்டாம், மங்களஜோடியின் துடுப்புப் படகே போதும் என்பதும் ஒருமனதான முடிவு.

திரும்பும்போது கங்கைநீர் கொண்டுவர வேண்டும் என்றார் மூத்த நண்பர். கொண்டுவருவோம். அதைச் சோழகங்கத்தில் ஊற்றுவதா, குணவீர மாமுனிவர் கலிங்கு கட்டிய இந்த மண்ணில் ஊற்றுவதா என்பதில்தான் இன்னும் கருத்தொற்றுமை ஏற்படவில்லை. அடுத்த மாதக் கூட்டத்துக்கு அதுவே பொருள்.